கருப்பி எழுந்துவிட்டாள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் கருப்பி. போன கடிதத்தில் குட்டி போட்டதாக எழுதியிருந்தேனே, அந்தப் பெரிய பெண்பன்றிதான். கடுங்காய்ச்சலில் படுத்துவிட்டாள். இப்போது எழுந்துவிட்டாள், தீனியும் எடுக்கிறாள். குட்டிகள் பால் மறந்த பிறகு இது வந்தது பெரிய ஆறுதல்.

நீயும் இரண்டு குட்டிகள் வாங்கி வளர்க்கப் போகிறாய் என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் உன் அக்கா, "பன்றிக்கு நோய் வந்தால் பக்கத்தில் போய்ப் பார்க்கக்கூட முடியாது, வீணாக மனக்கஷ்டம்தான்" என்று தடுப்பதாக எழுதியிருந்தாய். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பழகாத பன்றியை யாராலும் கவனிக்க முடியாது. பழகியதைக் கவனிக்கலாம், நன்றாகவே கவனிக்கலாம். நடந்ததைச் சொல்கிறேன், அக்காவுக்கும் படித்துக் காட்டு.

காலையில் தீவன வாளியின் சத்தம் கேட்டால் எல்லாம் முட்டிமோதிக்கொண்டு வரும். அன்றைக்கு அவள் மட்டும் வரவில்லை. பன்றி தீனிக்கு வராமல் இருந்தால் அதற்குமேல் வேறு அறிகுறி வேண்டாம், உடனே பார்த்தாக வேண்டும். மூலையில் ஒதுங்கி, வயிறு தரையில் பட, கால்களை மடித்துப் படுத்திருந்தாள். கிட்டே போய்த் தட்டிக் கூப்பிட்டதும் எழுந்தாள். முதுகை வளைத்து, நான்கு கால்களையும் ஒன்றுசேர்த்து, குளம்பின் நுனியில் நிற்பதுபோல் நின்று ஒரு முறை வீறிட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டாள். மூட்டுகளில் அவ்வளவு வலி.

ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 41 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. வளர்ந்த பன்றிக்குச் சாதாரணமாகவே 39 டிகிரியை ஒட்டி இருக்கும். மனிதர்களின் கணக்கை வைத்துப் பார்த்தால் நல்ல பன்றிக்கும் காய்ச்சல் என்றுதான் தோன்றும். அதனால் நீ வாங்கும் குட்டிகள் நன்றாக இருக்கும்போதே சில நாள் அளந்து எழுதி வைத்துக்கொள். 40ஐத் தாண்டினால் அதோடு தீனியும் எடுக்கிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று பார்.

அப்புறம் முதுகைத் தடவிப் பார்த்தேன். தோலில் அங்கங்கே தட்டையாக, சதுரமாகத் தடித்த திட்டுகள் கையில் தட்டுப்பட்டன. வெள்ளைப் பன்றியாக இருந்தால் சிவப்பாக, வைர வடிவத்தில் கண்ணுக்கே தெரிந்திருக்கும். கருப்பியின் தோலில் ஒன்றும் தெரியவில்லை, உள்ளங்கைதான் கண்டுபிடித்தது. தினமும் அவளைத் தடவிக்கொடுத்த பழக்கம் இல்லையென்றால் அந்த வலியில் என்னைத் தொட விட்டிருப்பாளா?

கால்நடை மருத்துவரிடம் போனில் இதையெல்லாம் சொன்னதும் எரிசிபெலஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம் என்றார். வந்து பார்த்து அதையே உறுதி செய்து பென்சிலின் போட்டார். அந்தக் கிருமிக்கு பென்சிலின் நன்றாகக் கேட்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் மாற்றம் தெரிந்துவிடும். ஆனால் தெரிந்ததும் நிறுத்திவிடக் கூடாது, அவர் சொன்ன நாள் வரை போட்டே ஆக வேண்டும். ஊசியைக் காதுக்குப் பின்னால் கழுத்துச் சதையில் போடச் சொல்லிக் கொடுத்தார். தொடையில் போட்டால் அங்கே கட்டி வரலாம், நரம்பிலும் படலாம். மருந்து போட்ட பிறகு எத்தனை நாள் அவளை இறைச்சிக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் அவரே எழுதிக் கொடுத்தார். கருப்பியைக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்றாலும் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஊசி அவர் வேலை. மற்றதெல்லாம் நம் வேலை. அதில் முதலாவது தண்ணீர். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்து என்ன பயன், எழ முடியாத பன்றிக்கு அது எட்டாதே. ஆழமில்லாத ஒரு தட்டில் ஊற்றி அவள் மூக்கின் அருகிலேயே கொண்டுபோய் வைப்பேன், அவள் உறிஞ்சும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறந்து ஊற்ற மட்டும் யாரையும் விடாதே. பன்றி பிடித்தால் கத்தும், கத்தும்போது ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். இன்னொன்று, ஒருநாள் முழுக்கத் தண்ணீரே இல்லாமல் கிடந்த பன்றிக்கு ஒரேயடியாக நிறையக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. உடம்பில் உப்பு ஏறியிருக்கும் நேரத்தில் தண்ணீர் வேகமாக உள்ளே போனால் மூளை வீங்கி வலிப்பு வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெயில் காலத்தில் குழாய் அடைத்துக்கொண்டு யாரும் பார்க்காமல் விடும் இடங்களில் பன்றிகள் இப்படித்தான் சாகின்றன.

பன்றியால் நம்மைப்போல் வியர்த்து உடம்பைக் குளிர வைத்துக்கொள்ள முடியாது. காய்ச்சலோடு புழுக்கமும் சேர்ந்தால் தாங்காது. நிழலும் காற்றும் இருக்கும்படி இடம் மாற்றி, காதுகளையும் வயிற்றையும் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். இரவில் நடுங்கினாள், அப்போது வைக்கோலை நிறையப் போட்டு அணைத்து வைத்தேன். அந்தந்த நேரத்தில் அவள் உடம்பு எதைக் கேட்கிறதோ அதைத்தான் செய்ய வேண்டும்.

ஒரே பக்கமாகக் கிடந்தால் தோள், இடுப்பு எலும்பு அழுந்தும் இடங்களில் புண் வந்துவிடும். அதனால் அவ்வப்போது புரட்டிப் படுக்க வைத்தோம். அவ்வளவு எடையை ஒருவர் புரட்ட முடியாது. என் மகனும் உதவ வந்தான், ஆனால் அவன் விரலில் வெட்டுக்காயம் இருந்ததால் உள்ளே விடவில்லை. இந்தக் கிருமி காயத்தின் வழியாக மனிதர் கைக்கும் வரும், விரல் சிவந்து வீங்கி எரியும். கையுறை இல்லாமல் தொடாதே. முதலில் நல்ல பன்றிகளுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் நோயாளியிடம் போக வேண்டும். அவளுக்கென்று வாளியும் ரப்பர் பூட்ஸும் தனி.

தீனிக்கு நான் வற்புறுத்தவே இல்லை. வளர்ந்த பன்றி ஒருநாள் தின்னாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தீவனத்தைத் தண்ணீரில் குழைத்துக் கொஞ்சமாக வைப்பேன், தொடாவிட்டால் எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பேன். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. முகவாயால் தட்டைத் தள்ளி உறுமினாள் பார், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சலும் தோல் சிவப்பும் வந்தாலே இந்த நோய்தான் என்று நீயாக முடிவு செய்து மருந்து வாங்கிப் போட்டுவிடாதே. பன்றிக் காய்ச்சலும் (மனிதர்களுக்கு வரும் பன்றிக் காய்ச்சல் இல்லை, பன்றிகளுக்கு மட்டும் வரும் வேறொரு வைரஸ் நோய்) ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் தொடக்கத்தில் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும். காதும் வயிறும் ஊதா நிறமாவது, ஒன்றன்பின் ஒன்றாகப் பல படுப்பது, திடீரென்று சாவது என்றெல்லாம் கண்டால் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை முதன்முதலில் 1921இல் கென்யாவிலிருந்துதான் எழுதினார்கள். நூறு வருடம் கடந்தும் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. 2018இல் சீனாவுக்குள் நுழைந்து அங்கே எத்தனை பண்ணைகளைக் காலி செய்தது என்று நீயும் படித்திருப்பாய். மனிதர்களுக்கு அது வராது. ஆனால் இறைச்சியில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் பன்றி இறைச்சி கலந்த சமையல் கழிவை உன் பன்றிகளுக்குப் போடவே கூடாது. சாவதற்குள் விற்றுவிடலாம் என்று நோயாளிப் பன்றியை ஓட்டிக்கொண்டு போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஒருவர் நட்டத்தைச் சுற்றியிருக்கும் எல்லோர் தலையிலும் கட்டும் காரியம் அது.

கருப்பியின் பின்னங்கால் மூட்டு ஒன்று இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. இந்த நோய் சில சமயம் அப்படி ஒரு முடத்தை விட்டுவிட்டுப் போகும், போகப்போகத்தான் தெரியும் என்றார் மருத்துவர். நல்லபடியாக இருக்கும் பன்றிகளின் தொண்டைச் சதையில்கூட அந்தக் கிருமி சும்மா தங்கியிருக்குமாம், வெயிலிலோ இடமாற்றத்திலோ உடம்பு சோர்ந்தால் கிளம்பிவிடும். மற்றவற்றுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாக வாங்கு. ஒன்றை மட்டும் வாங்காதே, தனியாக இருந்தால் வாடிப்போகும். விற்பவரிடம் என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கு. வந்த நாளிலிருந்து தினமும் அதன் பக்கத்தில் உட்கார், வயிற்றைச் சொறிந்துகொடு, காதைத் தொடு, காலைத் தூக்கிப் பார். சுகமாகப் படுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் இருந்தால்தான் நோய் வந்த நாளில் உன் கையை அதன் உடம்பின்மேல் வைக்க விடும். கொட்டகை போடும்போதே ஓரமாக ஒரு சின்ன அடைப்பும் போட்டுவிடு, நோய் வந்த பிறகு இடம் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கொட்டகைக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தின் நீள அகலத்தையும் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது, வரைந்து அனுப்புகிறேன். அக்காவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்புடன்,
உன் பழைய தோழி