தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே வெளியே எடு

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள முரளி,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? பினாங்கில் பள்ளிக் காற்பந்து அணிக்கு நீ பயிற்றுநராகிவிட்டாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. பயிற்சி தொடங்குமுன் தலையடி பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நம் பயிற்றுநர்கள் பலர் பையன் மயங்கி விழுந்தால்தான் பயப்படுகிறார்கள். அடியால் மூளை குலுங்குவதை மூளை அதிர்வு என்பார்கள். அது வந்தவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. தலையில் நேரே அடிபடவும் வேண்டியதில்லை. தோளில் மோதிக் கழுத்து வெடுக்கென்று ஆடினாலே மண்டைக்குள் மூளை குலுங்கும். தள்ளாட்டம், வெறித்த பார்வை, எந்தப் பக்கம் கோல் அடிப்பது என்ற தடுமாற்றம், தாமதமான பதில் என்று ஏதாவது ஒன்று தெரிந்தாலும் வெளியே எடு. இது முதல் பாதியா, கடைசி கோலை அடித்தது யார் என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சரியாகச் சொல்லிவிட்டான் என்று திரும்ப இறக்காதே. அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரும். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லாத பிள்ளை உண்டா? முடிவை அவனிடம் விடாதே. அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது.

அமெரிக்காவில் 2006இல் சேக்கரி லிஸ்டட் என்ற 13 வயது மாணவன் அடிபட்டபின் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். மூளையில் இரத்தம் கசிந்து வாழ்க்கையே மாறிப்போனது. 2009இல் வாஷிங்டன் மாநிலம் அவன் பெயரில் சட்டமே இயற்றியது.

கழுத்து வலி, மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப்போவது, ஏறிக்கொண்டே போகும் தலைவலி: இவற்றில் எது வந்தாலும் 999. கழுத்து வலி என்றால் தூக்கி உட்கார வைக்காதே. இவை இல்லாத, தலையில் அடிபட்ட பிள்ளையையும் தனியாக வீட்டுக்கு அனுப்பாதே, பெற்றோரிடம் நேரில் ஒப்படை.

"ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்று தாளோடு வந்து சனிக்கிழமை ஆட்டத்துக்கு இடம் கேட்பார்கள். சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவைக் காட்டும். மூளை அதிர்வைக் காட்டாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, கைப்பேசி குறைவாக. படுத்தே கிடக்க வேண்டாம், வீட்டுக்குள் நடக்கலாம். பள்ளிப் பாடம் சிரமமில்லாமல் ஓடிய பிறகுதான் ஆட்டம். நடை, ஓட்டம், மோதலில்லாத பந்துப் பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதல் உள்ள பயிற்சிக்கு முன் மருத்துவர் கடிதம் கட்டாயம் வாங்கு. பிரிட்டனின் 2023 வழிகாட்டி 21 நாளுக்கு முன் போட்டியில் இறக்கக் கூடாது என்கிறது. உன் அணிக்கும் அதையே வைத்துக்கொள். பிள்ளைகளுக்கு அவசரம் ஆகாது.

பிள்ளைகளின் வயதை எழுது. அமெரிக்கக் காற்பந்துக் கூட்டமைப்பு 10 வயது வரை தலையால் பந்து முட்டுவதையே நிறுத்திவிட்டது. உன் அணியில் அதை எப்படிச் செய்யலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
செல்வா