மலட்டுச் செடியைப் பிடுங்கும் முன்

பயிர் விருத்தித் திடல்களை நடத்தும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். மணி பிடிக்காத செடியைக் கண்டதும் கலவன் (வேற்றுவகைச் செடி) என்று பிடுங்கி வரப்பில் போட்டுவிடுகிறீர்கள். விதைப் பெருக்கத் திடலில் அது சரிதான். மரபணு மாற்றத்தைத் தூண்டிப் புதுப் பண்பு தேடும் சடுதிமாற்றத் திடலிலும் அதே கை நீள்வதுதான் என் குறை.

ஒருமுறை அப்படியொரு நெல் குடும்பத்தின் விதை கேட்டேன். திடல் ஏட்டின் நகல்தான் வந்தது. அதில் ஒரே வரி: “மலடு, நீக்கப்பட்டது.” உடன்பிறப்புச் செடிகளையும் மொத்தமாக அறுத்துக் கலந்துவிட்டார்கள்.

நெல்லுக்கு 24 குரோமோசோம்கள். மகரந்தமும் சூலும் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவில் அவை 12 சோடிகளாகச் சேர்ந்து செல்லின் நடுவே வரிசை கட்டினால்தான் சரிபாதியாகப் பிரியும். சோடி சேராத செடியின் இளம் மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கிப் பாருங்கள். வரிசையே இருக்காது, 24 தனியன்கள் செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். எது எந்தத் துருவத்துக்குப் போகும் என்று கணக்கில்லை. வழியில் தங்கிவிடுபவை குட்டி உட்கருக்களாகச் சுருண்டுகொள்ளும். முதிர்ந்த மகரந்தமோ அயோடினில் கறுக்காமல் சுருங்கி நிற்கும்.

இதை வெறும் ஆண்மலடு என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. நல்ல மகரந்தத்தைத் தூவிப் பாருங்கள். ஆண்மலடு என்றால் மணி பிடிக்கும். இதில் பெரும்பாலும் சூல் பக்கமும் கெட்டிருப்பதால் அப்போதும் பதர்தான்.

மக்காச்சோளத்தில் இப்படிச் சோடி சேராத செடியை 1930-லேயே மரபியலாளர் பீடில் விவரித்தார். கோதுமையில் 5பி என்ற குரோமோசோம் இல்லாவிட்டால், வெவ்வேறு மூதாதையரிடமிருந்து வந்த உறவுக் குரோமோசோம்களும் தங்களுக்குள் சோடி சேர்கின்றன என்பது 1958-இல் தெரிந்தது. அதைத் தடுக்கும், அந்தக் குரோமோசோமிலுள்ள பிஎச்1 என்ற மரபணு இடத்தை இழந்த சடுதிமாற்றத்தை 1977-இல் மரபியலாளர் சியர்ஸ் வெளியிட்டார். காட்டு உறவினங்களின் மரபணுக்களைக் கோதுமைக்குள் கொண்டுவர இன்றும் அது உதவுகிறது. நெல்லிலோ, பேர்1 என்ற சோடி சேர்க்கும் மரபணுவோடு இன்னும் இரண்டைச் செயலிழக்கச் செய்தால் குன்றல் பிரிவு சாதாரணப் பிரிவாகவே மாறிவிடுகிறது. தலைமுறை மாறினாலும் கலப்பின வீரியம் குலையாத விதையை 2019-இல் எட்டியது இந்த வழியை அடிப்படையாகக் கொண்டுதான். தனியாகப் பார்த்தால் பேர்1 பழுதான செடி நீங்கள் பிடுங்கிப் போடும் மலடுதான்.

மலட்டுச் செடி விதை தராது. இவ்வகைக் கோளாறு பெரும்பாலும் ஒடுங்கு பண்பு, அதாவது மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால்தான் வெளிப்படும். ஆகவே அதே குடும்பத்தில் மணி பிடித்த செடிகளில் மூன்றில் இரண்டு அதைச் சுமக்கும். அவற்றைத் தனித்தனியாக அறுத்து, தனித்தனிப் பையில் போடுங்கள். கடும் வெப்பமும் சோடியைக் குலைக்கும் என்பதால், இது மரபுக் கோளாறுதானா என்று அறிய அடுத்த பருவத்தில் ஒவ்வொரு பையையும் தனியாக விதைத்து நாலில் ஒன்று மலடாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விதை வங்கிக்கு அனுப்புங்கள். ஏட்டில் “மலடு” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உடன்பிறப்புப் பைகளின் எண்ணையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணோக்கியடியில் மகரந்தப்பை நசுக்கும் ஒருவன்