எந்த டிடிஹெச்சுக்கும் பொருந்தும் செட்டாப் பாக்ஸ்: ஒரு தேதியைச் சொல்லுங்கள்

பெறுநர்: செயலாளர், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், புதுடெல்லி

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் டிஷ் ஆன்டெனாவும் ஹோம் தியேட்டரும் பொருத்திக்கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்திவருகிறேன். செட்டாப் பாக்ஸ் பற்றிய பழைய விவாதங்களைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் சேவைக்காக வாங்கிய பெட்டி மற்ற நிறுவனங்களின் சேவைக்கும் ஒத்துழைக்கும் திறந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, 2001ஆம் ஆண்டு தங்கள் அமைச்சகம் வெளியிட்ட டிடிஹெச் வழிகாட்டு நெறிமுறைகளிலேயே இருக்கிறது. அந்த நிபந்தனை எந்தத் தேதியிலிருந்து வீடுகளில் நடைமுறைக்கு வரும் என்பதை அறிவிக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

கடந்த மழைக்காலத்தில் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கமுள்ள காப்பித் தோட்டத்து லைன் வீடு ஒன்றிலிருந்து என்னை அழைத்தார்கள். கணவரை இழந்து, தோட்டக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு பெண்மணியின் வீடு அது. டிடிஹெச் பயன்படுத்தும் கேயூ அலைவரிசை கனமழையில் வலுவிழப்பது இயல்பு என்பதால், மழை நின்றால் படம் வந்துவிடும் என்றே நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மழை நின்றது; படம் வரவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்ப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. காப்பிக்கு நிழலாக வைத்த சில்வர் ஓக் மரங்கள் மிளகுக்கொடியோடு நெடுநெடுவென வளர்ந்து, டிஷ் பார்க்க வேண்டிய வானத்தை அடைத்துக்கொண்டு நின்றன. மரம் தோட்டத்துக்குச் சொந்தம், அதில் காய்க்கும் மிளகும் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் ஒரு கிளையைக்கூட வெட்ட முடியாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் டிஷ்ஷை வேறிடத்துக்கு நகர்த்தவும் வழியில்லை.

டிஷ்ஷைச் சற்றுத் திருப்பிச் சிக்னல் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் வேறொரு நிறுவனத்தின் சிக்னல் நல்ல வலுவோடு கிடைத்தது. அதே டிஷ், டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் அதே எல்என்பி, அதே ஒயர், அதே டிவி. மாற வேண்டியது பெட்டி மட்டும்தான். "ஏனுங்கண்ணா, இந்த டப்பாவையும் நான் காசு குடுத்துத்தானுங்க வாங்கினேன், இதுலயே அதை எடுத்துக் குடுக்க முடியாதுங்களா?" என்று அவர் கேட்டார். முடியாது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. புதிய பெட்டி, பொருத்துக்கூலி, முன்கூட்டியே கட்ட வேண்டிய மாதக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் அவருக்கு அது பல நாள் கூலி. எந்தப் பழுதும் இல்லாத பழைய பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குத்தான் எடுப்பார். அதை விற்ற நிறுவனமோ திருப்பி வாங்கிக்கொள்ளும் பேச்சையே எடுக்கவில்லை.

மலையில் இது விதிவிலக்கான நிகழ்வு அல்ல என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நம் நாட்டு டிடிஹெச் சேவைகள் ஒரே செயற்கைக்கோளிலிருந்து வருவதில்லை. சேலத்தில் நின்று பார்த்தால், 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர்மேலே இருக்கும் செயற்கைக்கோள் தெற்கிலிருந்து சற்றே கிழக்காக, அடிவானத்துக்கு மேல் சுமார் 75 டிகிரி உயரத்தில் இருக்கிறது; 108.2 டிகிரி கிழக்கில் இருப்பது ஏறக்குறையக் கிழக்குத் திசையிலேயே, 53 டிகிரி உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் மொட்டை மாடி வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சரிவிலும் மரநிழலிலும் வாழ்பவருக்கு ஒன்று தெரியும், மற்றொன்று தெரியாது. இன்று தெரிவது சில ஆண்டுகளில் மரம் வளர்ந்ததும் மறையும். பிடித்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை மக்களுக்கு இருக்கிறது என்று டெல்லியில் சொல்லப்படுகிறது. சேர்வராயன் மலையில் அந்தத் தேர்வைச் செய்வது சில்வர் ஓக்.

இதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணமாகச் சொல்லக்கூடாது என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எச்டி பெட்டிகளைப் பொறுத்தவரை, சிக்னலைப் பிடிக்கும் முறை டிவிபி-எஸ்2, படத்தைச் சுருக்கும் முறை எம்பெக்-4 என்று அடிப்படை பெரும்பாலும் ஒன்றே. வேறுபடுவது, கட்டணம் செலுத்தியவருக்கு மட்டும் சேனலைத் திறந்துவிடும் பூட்டும் அதைச் சார்ந்த மென்பொருளும்தான். அந்தப் பூட்டைப் பெட்டியிலிருந்து பிரித்து, யுஎஸ்பி வழியாகச் செருகும் தனிக் கருவியாகத் தரலாம் என்றும், எல்லாப் பெட்டிகளும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்த வேண்டும் என்றும் 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தங்களுக்கே பரிந்துரைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் டிடிஹெச் உரிமக் காலம் 20 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நிறுவனங்களுக்கான சலுகைகள் எட்டு மாதத்துக்குள் முடிவாகிவிட்டன. வாடிக்கையாளருக்கான பெட்டி மட்டும் என் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

1990களில் பத்து, பன்னிரண்டு அடி டிஷ் வைத்துத் தொழில் செய்த மூத்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அந்தப் பெரிய டிஷ்கள் பிடித்த சி பேண்ட் அலைவரிசைக்கான ரிசீவர் யாருடையதாக இருந்தாலும், அலைவரிசையைத் தட்டிவிட்டால் கட்டணமில்லாச் சேனல் எதுவானாலும் வரும். கேயூ அலைவரிசையில் நேரடியாக வீடுகளில் பார்ப்பதை 1997இல் தடைசெய்த அரசு 2000 நவம்பரில் தடையை விலக்கியபோது, வானம் திறந்துவிட்டது என்றே எங்கள் தொழிலில் இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். வானம் திறந்ததும் பெட்டி மூடிக்கொண்டது.

வசதி படைத்தவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, படத்திலும் ஒலியிலும் சேலத்துக்காரர்கள் கறாரானவர்கள். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பகுதிகளில் ஓர் அறையையே ஒதுக்கி ஹோம் தியேட்டர் அமைக்கிறார்கள். அந்த அறையில் டிவி ஒரு நிறுவனத்துடையது, ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏவி ரிசீவர் இன்னொன்று, ஸ்பீக்கர்கள் மூன்றாவது, சப்-ஊஃபர் நான்காவது. போட்டியாளர்களான இவர்கள் தயாரித்தவை எல்லாம் ஒரு எச்டிஎம்ஐ ஒயரிலும் சாதாரண ஸ்பீக்கர் ஒயரிலும் சண்டையின்றிப் பேசிக்கொள்கின்றன. அந்த அலமாரியிலேயே விலை குறைந்த செட்டாப் பாக்ஸ் மட்டும் தன் எசமானரைத் தவிர யாரிடமும் பேசமாட்டேன் என்கிறது. சேவையை மாற்றினால் புதுப் பெட்டி, புது ரிமோட். அதில் டால்பி ஒலி முன்பு போல சுற்றிலும் வைத்த ஸ்பீக்கர்களுக்கான 5.1ஆக வெளியே வருமா, இரண்டு ஸ்பீக்கருக்கான வெறும் ஸ்டீரியோவாகச் சுருங்குமா என்பது வாங்கிப் பொருத்திய பிறகே தெரியும். இந்த மடல் ஸ்பீக்கர்களுக்காக அல்ல, லைன் வீட்டுக்காக எழுதப்படுவது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

டிஷ் ஒயரை நேரடியாகச் செருகும் டிவிகளுக்கான ஐஎஸ் 18112 தரநிலையை 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் கொண்டுவந்ததை வரவேற்கிறேன். ஆனால் அது இலவசச் சேனல்களுக்கானது. தூர்தர்ஷனின் இலவசத் தொகுப்பில் தமிழ்ச் சேனல்கள் மிகக் குறைவு என்பதால், தோட்டத்துக் குடும்பங்கள் கட்டணச் சேவையைத்தான் நாட வேண்டியிருக்கிறது. கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் இயலாது என்றவர்கள் இருந்தார்கள். ஒரு தேதி குறிக்கப்பட்டது, நடந்தது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது புதிய சட்டமோ மானியமோ அல்ல, ஒரு தேதிதான். அந்தத் தேதிக்குப் பிறகு விற்கப்படும் ஒவ்வொரு பெட்டியும் எல்லா டிடிஹெச் சேவைகளுக்கும் பொருந்த வேண்டும் என்று ஆணை பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, சேவையை விட்டு விலகுபவரின் பெட்டி நல்ல நிலையில் இருந்தால் அதை விற்ற நிறுவனமே நியாயமான விலை கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும் என்றும், சிக்னல் மறைவதால் மாறும் மலைப்பகுதி வாடிக்கையாளரிடம் முன்கூட்டி வாங்கிய கட்டணத்தில் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் உத்தரவிட வேண்டுகிறேன். இம்மடலுக்குப் பதில் எழுத நேர்ந்தால், ஆவன செய்யப்படும் என்ற வரிக்குப் பதிலாகத் தேதியைக் குறிப்பிட்டு எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டிஷ் பொருத்துநர் ஒருவர்,
சேலம்.