தூசு எங்கே, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பெண் கிட்டாரோடு 'காயாத கானகத்தே' பாடியதைப் பற்றிப் போன இதழில் உங்கள் விமர்சகர் எழுதியிருந்தார். "யார் எழுதியது என்றே தெரியாத பழம்பாட்டைத் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள்" என்று அதில் ஒரு வரி. படித்ததும் எனக்குத்தான் தும்மல் வந்தது.

இந்தப் பாட்டு வருகிற 'வள்ளி திருமணம்' நாடகத்தை யார் எழுதியது என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய அந்த நாடகம்தான். வேலனாக வருகிற ராஜபார்ட் இந்தப் பாட்டைப் பாடாமல் மேடையை விட்டு இறங்கிவிட முடியுமா? தூசு எங்கிருந்து வந்தது?

கிட்டார் வைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ராயபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் நானும் கேட்டேன். நல்ல குரல். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, துக்க வீட்டில் பாடுவதுபோல் இழுத்து இழுத்துப் பாடியது அந்தப் பெண். மானைத் தேடி வந்தவன்போல் பாசாங்கு பண்ணி வேலன் வள்ளியைச் சீண்டுகிற பாட்டு ஐயா அது! என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இளவட்டத்தில் வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை தியேட்டரில் நாடகம் பார்த்துவிட்டு, வீடு வரைக்கும் பாடிக்கொண்டே நடந்து வருவாராம். வயசான பிறகும் 'மேயாத மான்' வரும்போது கையைக் காதில் வைத்துக்கொண்டு அம்மாவை ஓரக்கண்ணால் பார்ப்பார். "கொழம்பு அடிபிடிக்குது, போய்யா" என்பாள் அம்மா. உங்கள் விமர்சகர் 'கானகத்தின் ஏகாந்த சோகம்' என்கிறாரே, அது இதுதான்.

இந்த இதழில் ஒரு வாசகர், வேலன் பாட்டைப் பெண் பாடினால், மேடையில் அதைப் பாடிப் பேர் வாங்கிய நடிகர் கிட்டப்பாவின் ஆவி பொறுக்குமா என்று பொங்கியிருக்கிறார். கிட்டப்பா 1933இல், 27 வயதிலேயே போய்விட்டார். இரண்டே வருஷத்தில் அவர் மனைவி சுந்தராம்பாள், ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கி, சினிமாவில் ஆண் வேஷம் கட்டி நந்தனாராகவே நடித்தார். ஆவி அப்போதே பொறுத்துக்கொண்டது.

வடசென்னை என்றால் உங்களுக்கு வெட்டுக்குத்தும் மழைத்தண்ணீரும்தான். மார்கழியில் மயிலாப்பூர் சபா கேன்டீன் ரவா தோசைக்கு முக்கால் பக்கம் கொடுக்கிறீர்கள். ஒற்றைவாடை தியேட்டரைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதி அனுப்பியதை நாலு வரியாக நறுக்கினீர்கள். அதிலும் 'ஒற்றையடி தியேட்டர்' என்று அச்சாகியிருந்தது. அதற்குப் பிறகும் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், என்ன செய்ய.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாட்டை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் என்று அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால் ரவா தோசைக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
ராயபுரம்