சாவு குறைந்ததால் வரவு குறைந்தவருக்கு

அன்புள்ள பாக் ஐயா,

1730 அக்டோபரில், ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைப் பொறுப்பில் இருந்தபோது, பள்ளித் தோழர் எர்ட்மானுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். டான்சிக்கில் இருந்த அவரிடம் வேறு வேலை பார்த்துத் தரச் சொல்கிறீர்கள். லைப்சிக்கில் விலைவாசி அதிகம், மேலிடத்துக்கு இசையில் அக்கறை இல்லை. வருமானம் சுமார் 700 தாலர் (அந்நாள் வெள்ளி நாணயம்); சாவு கூடினால் அதுவும் கூடும், காற்று சுத்தமாக வீசினால் குறையும். போன வருஷம் மட்டும் இறுதிச் சடங்கு வரும்படியில் 100 தாலருக்கு மேல் நஷ்டம்! ஏசுவின் பாடுகளைச் சொல்லும் 'செயின்ட் மேத்யூ பேஷன்' என்ற பேரிசையை எழுதிய கைதான் இதையும் எழுதியது. பிள்ளைகுட்டிக்காரர், வேறென்ன செய்வீர்கள்?

1748இல் உறவினர் எலியாஸ் ஒரு பீப்பாய் ஒயின் அனுப்பினார். வழியில் கணிசமான பகுதி ஒழுகிப்போயிற்று. நன்றி சொன்ன கையோடு வண்டிக்கூலி, வரி எல்லாம் கூட்டிப் பார்த்து, 'இலவசமாக வருவதற்கு இந்த விலை கட்டாது, இனி அனுப்பாதே' என்று எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தான்.

ஊர் உங்களை எப்படிப் பார்த்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இந்த வேலைக்கு 1722இல் நகர மன்றம் முதலில் இசையமைப்பாளர் டெலிமானைக் கேட்டது, பிறகு இன்னொரு இசையமைப்பாளர் கிரவுப்னரை. இருவரும் வர முடியாமல் போனதால்தான் நீங்கள். அதுகூடப் போகட்டும். 1749 ஜூனில், நீங்கள் உயிரோடு இருக்கும்போதே, 'பாக் இறந்துவிட்டால்' என்று உங்கள் இடத்துக்கு ஹாரர் என்ற இசைஞரை வரவழைத்துக் கச்சேரி வைத்துப் பார்த்தார்களே, அந்தச் செய்தி உங்கள் காதுக்கு வராமலா இருந்திருக்கும்?

1829இல் பெர்லினில் மெண்டெல்சன் என்ற இருபது வயதுப் பையன் உங்கள் பேஷனை மறுபடி மேடையேற்றினார். அரங்கம் நிரம்பியது. உலகம் உங்களைக் கொண்டாடும் கதை அங்கிருந்து வளர்ந்தது. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 1750 ஜூலையில் நீங்கள் போன பிறகு, உங்கள் மனைவி அன்னா மக்டலேனாவுக்கு வழக்கப்படி அரை வருஷச் சம்பளம் தர ஒப்புக்கொண்ட மன்றம், 1723இல் நீங்கள் தாமதமாக வேலையில் சேர்ந்தும் முழுசாகக் கொடுத்துவிட்டோம் என்று தேடிப் பிடித்து, அதை இப்போது கழித்துக்கொண்டது. இருபத்தேழு வருஷத்துப் பழைய பாக்கி! அந்த அம்மா 1760இல் ஊரார் தரும் உதவியில் வாழ்ந்துதான் இறந்தார். நீங்கள் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கழிவுக்கு மன்றத்துக்கு எத்தனை மனு போயிருக்கும்!

மரியாதையுடன்,
ஒரு ரசிகன்