கூரைத் தொட்டியை யார் திறந்து பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழாய்நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டுக் குடிநீர்த் தர விதி. அந்தத் தரத்தில் தண்ணீர் கட்டடத்தின் எல்லை வரை வந்துவிடுகிறது. பினாங்கு அடுக்குமாடிகளில் அதற்குப் பிறகுதான் தரைத் தொட்டி, பம்ப், கூரைத் தொட்டி என்று அது தேங்கிக் கிடக்கிறது. இந்தப் பகுதி, குடியிருப்பை நடத்தும் கூட்டு நிர்வாகக் குழுவின் பொறுப்பு. பராமரிப்புக் கட்டணப் பாக்கி ஏறும்போது முதலில் வெட்டப்படுவது தொட்டி கழுவும் செலவு. மின்தூக்கி நின்றால் அன்றைக்கே கூச்சல் எழும். தொட்டியில் சேறு படிந்தால் யார் கண்ணிலும் படாது.

2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்ற நாள்கணக்கில் நீர் விநியோகம் தடைபட்டது. அப்படிப்பட்ட நாள்களில் தொட்டி அடிவரை வற்றுகிறது. வெளியேறும் குழாய்க்குக் கீழே ஆண்டுக்கணக்கில் தங்கிய வண்டல், நீர் திரும்பப் பாயும்போது கலங்கி வீடுகளுக்குள் வருகிறது. நாம் நீர் நிறுவனத்தைத் திட்டுகிறோம். பல வேளை அது நம் சொந்தத் தொட்டியின் அழுக்கு.

பிறகு வீட்டுக்கு வீடு வடிகட்டி வாங்குகிறோம். கரி வடிகட்டி குளோரினை உறிஞ்சிவிடும். உள்ளிருக்கும் வடிகட்டி உருளையைக் காலத்தில் மாற்றாவிட்டால் கிருமி அதற்குள்ளேயே வளரும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தொட்டி கழுவ 3,000 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், 200 வீடுகளுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு 15 ரிங்கிட்தான். வடிகட்டி உருளைக்கு ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கொடுப்பதோடு இதை ஒப்பிடுங்கள்.

கழுவும் முறையும் முக்கியம். முந்தின நாள் மாலையே உள்வரும் வால்வை மூடி, இருக்கும் தண்ணீரைக் குடியிருப்பாளர்கள் பயன்படுத்தித் தீர்க்கட்டும். கொட்டி வீணாக்க வேண்டாம். வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்து, அலசி, நீர் நிரப்பிய பிறகு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் விட வேண்டும். 10,000 லிட்டர் தொட்டிக்கு அது 500 கிராம் குளோரின். 65 விழுக்காட்டுக் குளோரின் தூளில் சுமார் 770 கிராம். அதை வெளியே வாளியில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. மேல்மாடி, கீழ்மாடிக் குழாய்களைத் திறந்து குளோரின் வாடை வந்ததும் மூடி, ஒரு மணி நேரம் விட்டு, எல்லாவற்றையும் வடித்து அலச வேண்டும். இது நடக்கும்போது யாரும் அந்த நீரைக் குடிக்கக் கூடாது என்ற அறிவிப்பு ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும். தொட்டிக்குள் ஆளைத் தனியாக இறக்கவே கூடாது. பயிற்சி பெற்றவர் இறங்க வேண்டும், காற்றில் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று முன்பே அளக்க வேண்டும், வெளியே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். மலிவான ஆளைத் தேடி உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

கழுவினால் மட்டும் போதாது. தொட்டி நிரம்பினால் நீர் வழியும் குழாயில் கொசுவலை கிழிந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். மூடி விலகினால் புறா எச்சம் விழும். தரைத் தொட்டியின் வாய் தரைமட்டத்திலேயே இருந்தால் மழையில் கால்வாய் நீர் உள்ளே இறங்கும். விளிம்பை உயர்த்திக் கட்டுவது கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்தும் மிதவை வால்வு நிமிடத்துக்கு 2 லிட்டர் கசிந்தால் மாதத்துக்கு 86,000 லிட்டருக்கு மேல் போகிறது, அந்தக் கட்டணமும் நம் தலையில்தான்.

மலிவுவிலை வீடுகளுக்குப் பராமரிப்புச் செலவில் 80 விழுக்காடு வரை ஏற்கும் மாநில அரசின் நிதித் திட்டம் உண்டு. பழைய தொட்டியை மாற்ற நினைக்கும் குழுக்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். வழக்கமான கழுவலுக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே தனித் தொகையாக ஒதுக்குங்கள். கடைசியாகக் கழுவிய தேதியையும், மேல்மாடிக் குழாயில் அளந்த குளோரின் அளவையும் மின்தூக்கிக் கதவருகே ஒட்டச் சொல்லுங்கள்.

குழாய்ப் பணி மேற்பார்வையாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு