கோபன்ஹேகனில் இருக்கும் மகளுக்கு, அமுக்கரா விஷயமாக

அன்புள்ள பாப்பா,

போனில் பேசினால் நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் கத்துகிறோம், நடுவில் உங்க அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் எழுதியே விடுகிறேன், சாவகாசமாகப் படி.

"அமுக்கரா சூரணம் அனுப்பாதீங்கப்பா, இங்கே தடை" என்று நீ சொன்னபோது எனக்கு வந்த கோபம் உன் மேல் இல்லை. ஒரு கிழங்கு, அசுவகந்தா என்கிறார்களே அதுதான். ஆச்சி காலத்திலிருந்து பாலில் கலந்து குடித்த பொருள். அதை வளர்ந்த மனுஷி ஒருத்தி தன் காசில் வாங்கித் தன் வாயில் போட்டுக்கொள்வதைக் கூடாது என்று சொல்ல சர்க்கார் யார்? அதுவும் 16 வயதுப் பையன் கடைக்குப் போய் பீர் வாங்கலாம் என்று சட்டம் வைத்திருக்கிற ஊர். பீரால் கல்லீரல் கெட்டால் அது அவனவன் சுதந்திரம், கிழங்குப் பொடி என்றால் மட்டும் ஆபத்தா? இந்த ஓரவஞ்சனைதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இன்னும் தைக்கிறது, அதை மறைக்கவில்லை.

அப்புறம் நீ அனுப்பிய லிங்கையெல்லாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். புரியாத இடத்தில் உன் தம்பியிடம் கேட்டேன். அங்கே டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020இல் ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறது, அதை வைத்து 2023இல் தடை போட்டிருக்கிறார்கள். தைராய்டு சுரப்பையும் ஆண் பெண் ஹார்மோன்களையும் இது அசைக்கக்கூடும், கருவைக் கலைக்கவும் கூடும், இவ்வளவு வரை சாப்பிட்டால் பயமில்லை என்று ஓர் அளவைச் சொல்ல முடியவில்லை, அதனால் வேண்டாம். இதுதான் சாராம்சம். நம் ஊர்க்காரர்கள் இதற்கு மறுப்பும் சொல்லியிருக்கிறார்கள்: வேரை மட்டும் பக்குவம் செய்து சாப்பிடுவது வேறு, இலையையும் தண்டையும் சேர்த்துச் சாறு இறக்கி விற்பது வேறு, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எடை போடாதே என்று. எனக்கு அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? அந்தத் தடை விற்கிறவன் மேல் விழுந்த தடை. எந்தப் போலீஸ்காரனும் உன் சமையலறைக்கு வந்து டப்பாவை முகர்ந்து பார்க்கப்போவதில்லை. கடையில் அடுக்கி வைத்து, தூக்கத்துக்கு நல்லது, மனக்கவலைக்கு நல்லது என்று விற்காதே என்கிறார்கள். அது தெரிந்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி ஏன் இருக்கிறது என்றால், தடைக்குப் பதில் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் "கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது, தைராய்டு உள்ளவர்கள் டாக்டரைக் கேளுங்கள்" என்று போட்டுவிட்டு முடிவை எங்களிடம் விட்டிருக்கலாம். சிகரெட் பாக்கெட்டுக்கு அந்த மரியாதை உண்டு, அமுக்கராவுக்கு இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். சப்ஸ்டேஷனில் இத்தனை வருஷம் ஷிப்ட் பார்த்தவனுக்கு ரிட்டையர் ஆனதும் என்ன ஆகும்? ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்புத் தட்டும், ஏதோ பிரேக்கர் ட்ரிப் ஆன மாதிரி. எழுந்து ஹாலில் உட்கார்ந்திருப்பேன். தூக்க மாத்திரைக்குப் போக மனசில்லை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, 1964இலிருந்து சித்த மருத்துவக் கல்லூரி நம் காலடியில் இருக்கும்போது, வாட்ஸப்பைப் பார்த்து மருந்து தின்னவா? ஓபிக்குப் போய்ச் சீட்டு எடுத்தேன். அங்கிருந்த டாக்டர் பொண்ணு, உன் வயதுதான் இருக்கும், நாடி பார்ப்பதற்கு முன்னாலேயே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். பிரஷர் மாத்திரை பேரைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அப்புறம்தான் அமுக்கரா சூரணம், ராத்திரி பாலில்.

கூட வந்திருந்த உங்க அம்மா, எனக்கும் ஒரு பொட்டலம் கொடும்மா என்றாள். அந்தப் பொண்ணு அசையவில்லை. "தைராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா? அப்ப இது உங்களுக்கு வேண்டாம்மா. ரெண்டும் சேர்ந்தா ரத்தத்துல சுரப்பு கூடிப்போயிரும்." உங்க அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க முகம் தொங்கிப்போயிருந்தது, ஏதோ பந்தியில் பாயசம் மறுத்த மாதிரி. டென்மார்க் அறிக்கை தைராய்டைப் பற்றிச் சொல்வதைத்தான் அந்தப் பொண்ணும் ஒரே நிமிஷத்தில் சொன்னாள். தெரிந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. விற்கிறவர்கள்தான் சொல்வதில்லை.

உனக்கு இந்தச் சூரணம் எப்படிச் செய்வது என்று தெரியுமோ என்னவோ. கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதற்கு இரட்டிப்பு. கணக்கு டீச்சர் எழுதின மருந்து என்று உன் தம்பி கிண்டல் செய்வான். கிழங்கை அப்படியே இடித்துப் போடுவதும் கிடையாது. பானையில் பாதிக்குப் பால், வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, துணி மேல் பொடியைப் பரப்பி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து ஆவியில் வேக வைக்க வேண்டும், அப்புறம் வெயிலில் காயவைத்து மறுபடி இடித்துச் சலிக்க வேண்டும். ஒரு தடவை ஆச்சி செய்து பார்த்திருக்கிறேன். வீடு முழுக்க லாயத்து வாடை அடிக்கும். பால் ஆவி ஏறின பிறகு அந்த வாடை கொஞ்சம் மட்டுப்படும். இத்தனை பாடுபட்டு உள்ளே போவது, அரை ஸ்பூன் பொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கிற கிழங்கு.

இதையும், ஆன்லைனில் விற்கிற கேப்சூலையும் ஒன்று என்று நினைக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. அது கிழங்கின் சாரத்தை மட்டும் பிழிந்து இறுக்கியது. 2020இல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலுமாக ஐந்து பேருக்கு இந்த மாதிரி அசுவகந்தா சப்ளிமெண்ட் சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்ததை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். நிறுத்தின சில மாதங்களில் சரியாகிவிட்டது, நல்ல வேளை. மஞ்சள் கதையும் இதேதான். குழம்பில் போடும் மஞ்சளால் எந்தக் கல்லீரலும் கெட்டதில்லை. ஆனால் 2019இல் இத்தாலியில் மஞ்சள் சாற்று மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, டப்பாவில் எச்சரிக்கை போடச் சொல்லி அந்த அரசாங்கம் உத்தரவு போட்டது. மஞ்சளோடு மிளகுச் சத்தைச் சேர்த்தால் ரத்தத்தில் ஏறுவது 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் பல கம்பெனிகள் அதையும் சேர்த்து அடைக்க ஆரம்பித்துவிட்டன. "இயற்கையானது" என்று எழுதிவிட்டால் போதும், யாரும் அளவைக் கேட்பதில்லை. எட்டிக்கொட்டையும் இயற்கைதான்.

எனக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்பாய். வந்தது. இப்போது ஐந்து மணி வரை தூங்குகிறேன். ஆனால் சூரணமா, சூடான பாலா, மத்தியானத் தூக்கத்தை நிறுத்தினதா, ராத்திரி ஒன்பதுக்கு மேல் மொபைலைத் தொடாததா, எது என்று சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில்தான் ஆரம்பித்தேன். சூரணத்தால்தான் என்று உங்க பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்கு ஆதாரம் நான்தான்! எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

இப்போது சுதந்திரம் என்கிற பேச்சுக்கு வா. என் உடம்பு, என் முடிவு. இதில் நான் ஒரு இம்மியும் இறங்க மாட்டேன். 2017இல் டெங்கு சமயத்தில், ஆராய்ச்சி முடியும் வரை நிலவேம்புக் குடிநீர் கொடுக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் இயக்கத்தாரிடம் சொன்னதற்கு அவர் மேல் போலீஸில் புகார் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? நான் அப்போதும் நிலவேம்பு குடித்தேன், அந்தக் கசப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் வேண்டாம் என்று சொல்கிறவனைப் பிடித்து உள்ளே போடு என்பது என்ன நியாயம்? குடிக்கிற சுதந்திரம் எனக்கு இருந்தால், சந்தேகப்படுகிற சுதந்திரம் அவனுக்கும் இருக்கத்தானே வேண்டும்.

ஆனால் பொய் சொல்லி விற்கிறவன் "மக்களின் சுதந்திரம்" என்று கொடி பிடிக்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெற்குத் தெருவில் ஒருத்தர், உனக்கு நன்றாகத் தெரிந்தவர், பேர் எதற்கு. யாரோ விற்ற சிறுகுறிஞ்சான் பொடி டப்பாவில் "சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு" என்று எழுதியிருந்ததை நம்பி இன்சுலினை நிறுத்தினார். கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த சின்னப் புண். அது கறுத்து, நாற்றம் எடுத்து, கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். இது அவருடைய சுதந்திரமான முடிவா? பொய்யான தகவலைக் கையில் கொடுத்துவிட்டு, நீயே முடிவு பண்ணு என்பது சுதந்திரம் ஆகாது பாப்பா. சர்க்கரையைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954லேயே நம் நாட்டில் சட்டம் போட்டாயிற்று. சட்டம் பாட்டுக்கு இருந்தது, விளம்பரம் பாட்டுக்கு வந்தது. 2024இல் பதஞ்சலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் பிடித்து உலுக்கின பிறகுதான் பேப்பரில் மன்னிப்பு வந்தது. அங்கே அமெரிக்காவில் 2004இல் பாஸ்டன் பக்கத்து இந்தியக் கடைகளில் வாங்கின 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஒன்றாவது இருந்தது. வாங்கினவன் மூலிகை என்று நினைத்துத்தானே காசு கொடுத்திருப்பான்? ஈயம் தின்ன அவன் எங்கே சம்மதித்தான்?

அதனால் என் கட்சி இதுதான்: தின்கிறவனை விடு, விற்கிறவனைப் பிடி. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருக்கு ஆகாது என்று எழுதச் சொல், சோதனை பண்ணு, பொய் சொன்னால் கடையைப் பூட்டு. அதற்கு மேல் சர்க்கார் என் தம்ளருக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். டென்மார்க் ஒரேயடியாகப் பூட்டிவிட்டது, நம் ஊர் ஒரேயடியாகத் திறந்துவிட்டிருக்கிறது. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நீ அவர்கள் பக்கம் சாய்கிறாய் என்று தெரியும், வாதாடு, காத்திருக்கிறேன்.

உன் விஷயத்தில் ஒன்று. சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் வேப்பங்கொழுந்து உருண்டையும் மாசம் ஒருதரம் விளக்கெண்ணெயும் மூக்கைப் பிடித்துக் கொடுத்தோம். உன்னைக் கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையிடம் யாராவது ஓட்டெடுப்பு நடத்துவார்களா? இப்போது நீ ஆளாகி, ஒரு குடும்பம் நடத்துகிறவள். அப்பா அனுப்பினார் என்பதற்காக எதையும் நீ விழுங்க வேண்டியதில்லை. நீயும் மாப்பிள்ளையும் என்ன யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், உங்க அம்மா கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் கருவுற்றவர்களும் அந்த எண்ணத்தில் இருப்பவர்களும் அமுக்கரா பக்கம் போகாமலிருப்பது நல்லது. கருவுற்றவர்களுக்கு ஆகாது என்பது, டென்மார்க் அறிக்கை சொல்வதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகை நூல் சொன்ன விஷயம். ஆகவே அனுப்பவில்லை. சட்டத்துக்குப் பயந்து இல்லை, அதை மட்டும் தெரிந்துகொள்.

சுக்குப் பொடி, மணத்தக்காளி வற்றல், திப்பிலி கொஞ்சம் வைத்திருக்கிறோம். திப்பிலியை ரசத்துக்கு மட்டும் வைத்துக்கொள். அங்கே டாக்டரிடம் போகும்போது வீட்டில் என்னென்ன பொடி, கஷாயம் சாப்பிடுகிறாய் என்பதையும் சொல்லு, அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லு. வெள்ளைக்காரர்களுக்குப் புரியாது என்று விட்டுவிடாதே. செடியின் விஞ்ஞானப் பேரை எழுதிக் கொண்டுபோனால் புரியும்.

இன்னொன்று, இது கொஞ்சம் அவசரம். உன் தம்பி பெங்களூரில் ஜிம்முக்குப் போகிறேன் என்று புரோட்டீன் பவுடரோடு, "கம்மி" என்கிற மென்று தின்கிற அசுவகந்தா மாத்திரையும் வாங்கித் தின்கிறானாம். மிட்டாய் மாதிரி இருக்குமாமே அது, இரண்டு போடச் சொன்னால் நாலு போடுவான், அவனை எனக்குத் தெரியாதா. எனக்குப் புரியாததை எல்லாம் படித்துக் காட்டினவன், தான் தின்பதைப் படித்தானா என்று தெரியவில்லை. நான் சொன்னால் "நீங்க மட்டும் சாப்பிடலாமாப்பா" என்பான். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது டப்பாவைத் திருப்பி வேரா இலையா, எத்தனை மில்லிகிராம் என்று படிக்கச் சொல்லு. நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா